சுவர் இருந்தால்தான் சித்திரம்: பழைய லாரியின் சேசிஸும் பவுடர் கோட்டிங்கும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகும் சாலையில் ஒரு முறை பயணம் செய்தால் போதும், சென்னையை ஏன் 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்கிறார்கள் என்பது புரிந்துவிடும். பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் கூட்டு ஆலை திறக்கப்பட்டது. 2012-ல் டெய்ம்லரின் லாரித் தொழிற்சாலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசை நீண்டது. இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி லேத்துப் பட்டறை, வெல்டிங் பட்டறை, பிரஸ் ஷாப், பவுடர் கோட்டிங் ஷாப் என்று ஜாப் ஒர்க் செய்து பிழைக்கும் சிறு நிறுவனங்கள் ஏராளம். இரும்பை எப்படிச் சுத்தம் செய்வது, எப்படிப் பூச்சு ஏற்றுவது என்று தெரிந்த கைகள் இவ்வளவு நெருக்கமாக ஒரே வட்டாரத்தில் இருப்பது இந்தியாவில் ஒரு சில இடங்களில்தான்.

இன்னொரு பக்கம், பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கும் ஆர்வம் பெருகி வருகிறது. கார், புல்லட் என்று ஆரம்பித்த ஆசை இப்போது லாரி வரை வந்துவிட்டது. பாடியைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேசிஸை மட்டும் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வருபவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான்: என்ன கலர் நன்றாக இருக்கும்? எவ்வளவு ஆகும்? எப்போது கிடைக்கும்?

நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்பவர்கள் குறைவு. 'உள்ளே இரும்பு எப்படி இருக்கிறது?' என்பதுதான் அது. பவுடர் கோட்டிங்கில் பவுடர் அடிப்பது கடைசி வேலை, சுலபமான வேலையும் கூட. அதற்கு முன்னால் நடக்கும் தயாரிப்புதான் உண்மையான வேலை. அந்தத் தயாரிப்பைச் செய்யாமல் பளபளப்பை மட்டும் வாங்குவது பணத்தை வீணாக்குவதோடு நிற்பதில்லை. ஆபத்தை அழகாக மூடி வைப்பதாகவும் ஆகிவிடுகிறது.

சேசிஸ்தான் லாரி

கார் வாங்குகிறவர் முழுக் காராக வாங்குகிறார். லாரிக்காரர்கள் பேச்சு அப்படி இல்லை. 'புது சேசிஸ் எடுத்திருக்கிறார்' என்பார்கள். கம்பெனியிலிருந்து வருவது சேசிஸும் எஞ்சினும்தான். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் கொண்டுபோய் மர வேலை, தகர வேலை எல்லாம் செய்து பாடி கட்டுவது பல்லாண்டு காலப் பழக்கம். ஆகவே ஒரு பழைய லாரியில் பாடி மாறியிருக்கும், கேபின் மாறியிருக்கும், எஞ்சின் கூட மாறியிருக்கலாம். முதல் நாளிலிருந்து கூடவே இருப்பது சேசிஸ்தான். லாரியின் அடையாள எண்ணும் அதில்தான் அடிக்கப்பட்டிருக்கிறது.

இந்தச் சேசிஸ்களுக்கு ஒரு வரலாறும் உண்டு. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், பிரிட்டனின் லேலண்டுடன் சேர்ந்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அங்கிருந்து வந்த காமெட் லாரி தமிழகச் சாலைகளில் ஒரு தலைமுறையையே சுமந்தது. ஜாம்ஷெட்பூரில் டாடா, ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸுடன் 1954-ல் கூட்டு வைத்து லாரி தயாரித்தது. முன்முகப்பில் மூன்று முனை நட்சத்திரத்தோடு ஓடிய அந்த டாடா-மெர்சிடிஸ் லாரிகளைப் பழைய டிரைவர்கள் இன்றும் மறக்கவில்லை. அந்தக் கூட்டு 1969-ல் முடிந்தது. அதே டெய்ம்லர் நிறுவனம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து 'பாரத் பென்ஸ்' என்ற பெயரில் லாரி செய்ய வந்த இடம் ஒரகடம் என்பது குறிப்பிடத்தக்கது. பம்பாயின் பிரீமியர் நிறுவனம் செய்த ஃபார்கோவும் டாட்ஜும், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த பெட்ஃபோர்டும் இதே கதையின் மற்ற அத்தியாயங்கள்.

இவற்றில் பெரும்பாலானவை பழைய இரும்புக் கடையில் கேஸ் கட்டருக்கு இரையாகிவிட்டன. மிச்சம் இருப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை யாராவது காப்பாற்ற நினைத்தால் அது பாராட்டுக்குரியது. ஆனால் காப்பாற்றுவது வேறு, மேக்கப் போடுவது வேறு.

எஃப்.சி. பெயிண்ட் மனப்பான்மை

லாரித் தொழிலில் ஒரு பழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. எஃப்.சி. தேதி நெருங்கியதும் வண்டி பட்டறைக்குப் போகும். பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, சேசிஸுக்குக் கறுப்பு அடித்து, சக்கரத்துக்கு வண்ணம் தீட்டி, மாப்பிள்ளை மாதிரி அலங்கரித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிறுத்துவார்கள். துருவின் மேலேயே கறுப்பு, மண்ணின் மேலேயே கறுப்பு, கிரீஸின் மேலேயே கறுப்பு! இருபது முப்பது ஆண்டு ஓடிய ஒரு சேசிஸைச் சுரண்டிப் பார்த்தால், மரத்தின் ஆண்டு வளையம் போல அடுக்கடுக்காகப் பெயிண்ட் வரும்.

அந்தப் பெயிண்டாவது மலிவானது. சீக்கிரம் உரிந்து உண்மையைக் காட்டிவிடும். பவுடர் கோட்டிங் அப்படியல்ல. அது கெட்டியானது, வழவழப்பானது, சீரானது. இதுதான் அதன் பெருமை, இதுதான் அதன் அபாயமும். கீழே இருக்கும் கோளாறை ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் வைத்திருக்கும் வல்லமை அதற்கு உண்டு. எஃப்.சி. பெயிண்ட் மனப்பான்மையோடு பவுடர் கோட்டிங்குக்குப் போவது, பல்வலிக்குத் தங்க உறை மாட்டிக்கொள்வது போன்றது.

பவுடர் கோட்டிங்: என்ன, எப்படி?

இந்த முறை 1950-களில் ஜெர்மனியில் தொடங்கியது. சூடாக்கிய உலோகத்தைப் பொடித் தொட்டியில் முக்கி எடுப்பது முதல் வடிவம். மின்னூட்டம் கொடுத்துத் துப்பாக்கியால் தெளிக்கும் முறை 1960-களில் வந்தது. இன்று பட்டறைகளில் நடப்பது இந்த இரண்டாவது முறைதான். பிசினும் நிறமும் கலந்து அரைத்த உலர்ந்த பொடி துப்பாக்கியிலிருந்து வெளிவரும்போது மின்னூட்டம் பெறுகிறது. எர்த் செய்யப்பட்ட இரும்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஓவனில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் பொடி உருகி, பரவி, வேதிவினையால் இறுகி, ஒரே தோலாக ஆகிவிடுகிறது. வழக்கமான தடிமன் 60 முதல் 80 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

தின்னர் இல்லை, அதனால் அந்த ஆவியும் இல்லை. கீழே சிந்தும் பொடியைச் சேகரித்து மறுபடி பயன்படுத்தலாம். அடித்த அன்றே வேலை முடியும். சாதாரண பெயிண்டை விடக் கல்லடி தாங்கும். இந்த நன்மைகளை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இந்த முறை எதிர்பார்க்கும் நிபந்தனைகள் மூன்று: இரும்பு சுத்தமாக இருக்க வேண்டும், மின்சாரம் கடத்த வேண்டும், சூடு தாங்க வேண்டும். ஒரு பழைய லாரிச் சேசிஸ் இந்த மூன்றிலும் தகராறு செய்யும்.

கிரீஸும் எண்ணெயும் ஊறிய இரும்பு ஓவனில் புகைவிடும், பூச்சில் கொப்புளம் போடும். பள்ளத்தை நிரப்பிய சாதாரண பட்டி மின்சாரம் கடத்தாது, சூட்டில் வெடிக்கும். ரப்பர் புஷ், பிரேக் பைப், ஒயரிங் எதுவும் அந்தச் சூட்டில் தப்பாது. ஆகவே நட்டு போல்ட்டு வரை எல்லாவற்றையும் கழற்றி வெறும் எலும்புக்கூடாகக் கொண்டுவர வேண்டும். கழற்றும்போதே ஒவ்வொன்றுக்கும் சீட்டு கட்டிப் படம் எடுத்து வைப்பவர், மாட்டும்போது தன்னைத் தானே வாழ்த்திக்கொள்வார்.

பூச்சு மறைப்பது: விரிசல்

லாரிச் சேசிஸ் என்பது ஏணி. இரண்டு நீளச் சட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள், இணைப்பு பெரும்பாலும் ரிவெட். நீளச் சட்டம் 'ப' எழுத்தைப் பக்கவாட்டில் படுக்க வைத்தது போன்ற வடிவம். மேலும் கீழும் விளிம்பு, நடுவில் நிற்கும் தகடு. சுமை ஏறிச் சட்டம் வளையும்போது அதிக இழுவையும் அழுத்தமும் விழுவது மேல் கீழ் விளிம்புகளில்தான். அதனால்தான் 'விளிம்பில் துளை போடாதே, வெல்டிங் வைக்காதே. போட வேண்டியிருந்தால் நடுத்தகட்டில் போடு' என்று லாரி நிறுவனங்கள் பாடி கட்டுபவர்களுக்கு எச்சரிக்கின்றன.

நடைமுறையில் என்ன நடந்திருக்கும்? நாற்பது வருடத்தில் நாற்பது கைகள் பட்ட சேசிஸில் இஷ்டத்துக்குத் துளைகள் இருக்கும். ஓவர்லோடில் விரிந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்திருப்பார்கள். அந்தத் தகட்டின் முனையைச் செங்குத்தாக வெட்டியிருந்தால், அந்த முனையிலேயே அடுத்த விரிசல் ஆரம்பிக்கும். சுமை அங்கேதான் போய்க் குவியும் என்பதால், வலுவூட்டும் தகட்டின் முனையைச் சாய்வாக வெட்டுவதே முறை. ஸ்பிரிங் பட்டை தாங்கும் பிராக்கெட்டுகளைச் சுற்றியும், ஸ்டியரிங் பாக்ஸ் மாட்டிய இடத்திலும், குறுக்குச் சட்டம் சேரும் மூலைகளிலும் விரிசல் பதுங்கியிருக்கும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. சிவப்புச் சாயத்தைத் தெளித்து, துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பரை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு கசிந்து வரும். இந்தச் சோதனை தெரியாத தரக்கட்டுப்பாட்டு ஆளை ஒரகடம் பக்கம் பார்ப்பது அரிது. அதுவும் வேண்டாம் என்றால், மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பூசிப் பார்க்கும் பழைய பட்டறை வித்தை இருக்கவே இருக்கிறது. இதைச் செய்ய வேண்டிய நேரம் பெயிண்டை நீக்கிய பிறகு, பவுடர் அடிப்பதற்கு முன். பவுடர் ஏறிவிட்டால் அந்த விரிசல் பெரிதாகிப் பூச்சையும் கிழித்துக்கொண்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அது நெடுஞ்சாலையில் நடந்தால்?

அதே சமயத்தில் கோணல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சமதளத்தில் சேசிஸை வைத்து, தூக்குக்குண்டால் முக்கியப் புள்ளிகளைத் தரையில் குறித்து, மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் சேசிஸ் இழுபட்டிருக்கிறது. ஒரு நூலும் ஒரு டேப்பும் இருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும் உண்மை இது.

பூச்சு மறைப்பது: மடிப்புக்குள் இருக்கும் துரு

இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்றாக ரிவெட் செய்யப்பட்ட இடத்தில் நடுவே தண்ணீர் போகும், காற்று போகும், துப்புரவு மட்டும் போகாது. அங்கே உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். தகடுகளையே பிதுக்கித் தள்ளிவிடும். அந்த இடத்தின் மேலே எவ்வளவு நல்ல பவுடர் அடித்தாலும், ஓரத்தில் பழுப்புக் கோடு ஓராண்டு, ஈராண்டில் எட்டிப் பார்க்கும்.

பவுடருக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. உள்மூலைகளில் மின்புலம் புகாது. பொடி விளிம்புகளிலேயே ஒட்டிக்கொண்டு, மூலைக்குள் போக மறுக்கும். 'ஃபாரடே கூண்டு' விளைவு என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதுதான். 'ப' வடிவச் சட்டத்தில் மூலைகளுக்குப் பஞ்சமே இல்லை! கார் ஆலைகளில் முழுப் பாடியையும் பெயிண்ட் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி உள்மூலை வரை பூச்சு ஏற்றுவது இந்தத் தொல்லைக்குத்தான்.

இங்கேதான் ஒரு தவறான யோசனை வரும். நம் ஊரில் பவுடர் கோட்டிங் என்றாலே 'செவன் டேங்க் பிராசஸ்' என்பார்கள். எண்ணெய் நீக்குதல், துரு நீக்குதல், பாஸ்பேட் ஏற்றுதல், கடைசியில் பாசிவேஷன், இடையிடையே தண்ணீரில் அலசல் என்று ஏழு தொட்டி. புதிய தகட்டுக்கு அருமையான முறை. ஆனால் ரிவெட் செய்த பழைய சேசிஸைத் துரு நீக்கும் அமிலத் தொட்டியில் முக்கினால், மடிப்புக்குள் போன அமிலம் எந்த அலசலிலும் முழுதாக வெளியே வராது. பூச்சு ஏறிய பிறகு உள்ளிருந்தே அரிக்கும். ஆகவே பழைய சேசிஸுக்கு உகந்தது உலர்முறைத் துப்புரவுதான். எண்ணெயை முதலில் கழுவிவிட்டு, உருக்குத் துகளாலோ கார்னெட்டாலோ பிளாஸ்டிங் செய்து, வெள்ளி போன்ற நிறம் வரும் வரை எடுக்க வேண்டும். எண்ணெயோடு பிளாஸ்டிங் செய்தால் அந்த எண்ணெய் இரும்புக்குள்ளேயே அடித்து இறக்கப்படும்.

மிக மோசமான மடிப்புகளில் ரிவெட்டை எடுத்துத் தகட்டைப் பிரித்துச் சுத்தம் செய்துவிட்டு, மறுபடி ரிவெட்டோ பொருத்தமான உயர்வலு போல்ட்டோ போட வேண்டும். இது பெரிய வேலை. ஆனால் இதைச் செய்யாமல் 'முழு ரெஸ்டோரேஷன்' என்று சொல்வது நியாயமல்ல.

பிளாஸ்டிங் முடிந்த இரும்பு பச்சைக் குழந்தை மாதிரி. சென்னைப் பக்கத்து ஈரக் காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், சில மணி நேரத்தில் மஞ்சள் பூத்துவிடும். காலையில் பிளாஸ்டிங், அன்றே பிரைமர் என்பதுதான் கணக்கு. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பது இங்கே செல்லாது.

பவுடரிலும் தேர்வு இருக்கிறது. எபாக்ஸி துருவை நன்றாகத் தடுக்கும், ஆனால் வெயிலில் சாயம் போய்ச் சுண்ணாம்பு பூக்கும். பாலியெஸ்டர் வெயில் தாங்கும். எனவே துத்தநாகம் கலந்த எபாக்ஸி பிரைமர் கீழே, பாலியெஸ்டர் மேலே என்பது நல்ல சேர்க்கை. ஓவனில் மீட்டர் காட்டும் 200 டிகிரி என்பது காற்றின் சூடு. கணக்கில் எடுக்க வேண்டியது இரும்பின் சூடு. 6 முதல் 8 மில்லிமீட்டர் தகடு அந்தச் சூட்டை எட்ட, மெல்லிய கதவுத் தகட்டை விட நெடுநேரம் பிடிக்கும். கதவு, கிரில் வேலைக்கு வைத்த அதே நேரத்தில் சேசிஸை வெளியே எடுத்தால், பார்க்கப் பளபளக்கும், ஆனால் வேகாத சோறு.

இவ்வளவும் பார்த்தால் இன்னொரு கேள்வி நியாயமாக எழும். ரிவெட் நிறைந்த, ஏழெட்டு மீட்டர் நீளமுள்ள பழைய சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங்தான் வேண்டுமா? அந்த நீளம் நுழையும் ஓவன் எல்லாப் பட்டறையிலும் இருக்காது. நன்றாகச் சுத்தம் செய்த இரும்பில் இரு கூட்டு எபாக்ஸி பிரைமரைப் பிரஷ்ஷால் மடிப்புகளுக்குள் இழுத்துத் தடவி, மேலே பாலியூரிதேன் அடித்தால் பல சேசிஸ்களுக்கு அதுவே பொருத்தமாக இருக்கும். பின்னால் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். பவுடரில் அது கடினம். பிராக்கெட், கிராங்க், ஃபுட்போர்டு போன்ற தனிப் பாகங்களுக்குப் பவுடர், ரிவெட் செய்த ஏணிக்கு எபாக்ஸி என்று பிரித்துக்கொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

மாற்றம் என்னும் ஆசை

புதுப்பிக்கும் ஆசை சிலருக்கு மாற்றும் ஆசையாகிவிடும். நீளத்தைக் குறைக்கலாம், நவீன ஆக்சில் மாட்டலாம், வேறு எஞ்சினுக்கு மவுண்ட் வைக்கலாம் என்று தோன்றும். தொழில்நுட்ப ரீதியில் வரிசை தெளிவானது: வெட்டுவது, துளைப்பது, வெல்டிங் வைப்பது எல்லாம் பூச்சுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பூச்சுக்குப் பிறகு ஒரு துளை போட்டாலும், அந்தத் துளையின் ஓரம்தான் துருவின் நுழைவாயில்.

ஆனால் அதற்கு முன்பே சட்டம் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனை வைத்தது. எஞ்சின் மாற்றுவது போன்ற சிலவற்றுக்கு முன் அனுமதியோடு இடம் உண்டு. சேசிஸை வெட்டி ஒட்டுவது அந்த வகையில் சேராது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த பழம்பெரும் வாகன விதிகளும் இதையே சொல்கின்றன. 50 ஆண்டுக்கு மேற்பட்ட இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்குத் தனிப் பதிவு உண்டு. ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும், வணிகத்துக்கு ஓட்டக் கூடாது. பின்னால் இரட்டை டயர் உள்ள லாரிக்கு இந்த விதி எப்படிப் பொருந்தும் என்பதை ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

சேசிஸ் எண்ணையும் மறக்கக் கூடாது. பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்கும் அந்த எண், பிளாஸ்டிங்கில் தேய்ந்தாலோ, தடித்த பூச்சில் மூடினாலோ, நல்ல வண்டியே திருட்டு வண்டியாகச் சந்தேகிக்கப்படும். முதல் வேலையாக அதைப் படம் எடுத்து, மூடி மறைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. எர்த் புள்ளிகள், மரை உள்ள துளைகள், புஷ் ஏறும் துளைகள் எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். போல்ட்டு இறுக்கும் முகங்களில் தடித்த பூச்சு இருந்தால், அது நசுங்கி நசுங்கி இறுக்கம் தளரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடிப்பவர் மூச்சு

இதுவரை சொன்னது வண்டிக்கு வரும் ஆபத்து. அதை விடப் பெரிது, வேலை செய்பவருக்கு வரும் ஆபத்து.

மலிவாகச் செய்ய வேண்டும் என்றால் ஆற்று மணலையோ கடல் மணலையோ காற்றழுத்தத்தில் வீசித் துருவை எடுப்பார்கள். மணல் என்பது சிலிக்கா. உடைந்து பறக்கும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் படிந்து தழும்பாக்கும். சிலிகோசிஸ் என்ற அந்த நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. வேலை செய்யும்போது தெரியாது, பல ஆண்டு கழித்து மூச்சு வாங்கும்போது தெரியும். அப்போதும் காசநோய் என்றே பலருக்கு வைத்தியம் நடக்கும். பிரிட்டன் 1949-லேயே வார்ப்புகளையும் பிற பொருட்களையும் மணல் வீசிச் சுத்தம் செய்வதற்குத் தடை விதித்தது. ஜீன்ஸ் துணியை மணல் வீசி வெளுத்த தொழிலாளர்கள் சிலிகோசிஸால் இறந்ததைக் கண்டு துருக்கி 2009-ல் அந்த முறையைத் தடை செய்தது. இந்தியாவிலும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சிலிகோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக வைத்திருந்தது. ஆக, தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

மாற்று இருக்கிறது. உருக்குத் துகள் இருக்கிறது. கார்னெட் இருக்கிறது, தமிழகத்தின் தென்கடற்கரை மணலிலேயே கலந்து கிடக்கும் செந்நிறக் கனிமம் அது. இவற்றில் தனித்த சிலிக்கா மிகக் குறைவு. ஆனாலும் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசியும் விஷம்தான். ஆகவே எதை வீசினாலும் வெளிக்காற்றுக் குழாயுள்ள தலைக்கவசம், மூடிய அறை, தூசி உறிஞ்சும் விசிறி மூன்றும் வேண்டும். மூக்கில் கட்டிய துண்டு பாதுகாப்பு ஆகாது. 'மணல்ல அடிச்சா பாதி ரேட்' என்று சொல்லப்படும் இடத்தில், மீதி ரேட்டைக் கட்டுவது யாருடைய நுரையீரல் என்று வண்டிக்காரர் யோசிக்க வேண்டாமா?

கழிவு போகும் திசை

ஏழு தொட்டியிலும் அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. அமிலம், பாஸ்பேட் சகதி, உலோக உப்பு எல்லாம் கலந்த அந்த நீரைச் சுத்திகரிக்காமல் விட்டால், அது சேரும் இடம் பக்கத்து வாய்க்கால். இந்த வட்டாரம் ஏரிகளின் வட்டாரம். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் போவது செம்பரம்பாக்கத்துக்கு. செம்பரம்பாக்கம் சென்னை குடிக்கும் தண்ணீர். அனுமதி பெற்று, சுத்திகரிப்பு வைத்து நடத்துகிற பட்டறை கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது என்றால், அந்தக் கூடுதல் எதற்கு என்பதை வாடிக்கையாளர் புரிந்துகொள்ள வேண்டும்.

செலவு அதிகமாகாதா?

ஆகும். நேரமும் ஆகும். 'ஒரு பொழுதுபோக்குக்கு இவ்வளவு தேவையா?' என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் லாரி பொம்மையல்ல. ஷோவுக்கு மட்டும் கொண்டு போகும் பழைய லாரியும் அதே ஜி.எஸ்.டி. சாலையில்தான் வர வேண்டும், பின்னால் குடும்பத்தோடு பைக்கில் வருபவரும் அதே சாலையில்தான் வருகிறார். பணம் குறைவு என்றால் குறைக்க வேண்டியது பளபளப்பை, பரிசோதனையை அல்ல. நன்றாகச் சுத்தம் செய்து சாதாரண எபாக்ஸி அடித்த சேசிஸ், சுத்தம் செய்யாமல் விலையுயர்ந்த பவுடர் அடித்த சேசிஸை விடப் பல ஆண்டு கூடுதலாக வாழும்.

வரிசையைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி:

1. ஆவணமும் சேசிஸ் எண்ணும் சரிபார்ப்பு.
2. முழுதாகக் கழற்றுதல், எண்ணெய் நீக்குதல்.
3. பிளாஸ்டிங், மணல் கூடாது.
4. அளவெடுப்பு, தடிமன் சோதனை, விரிசல் சோதனை.
5. பழுதுபார்ப்பு, அனுமதிக்கப்பட்ட மாற்றம், அதன்பின் மறுபடி ஒரு விரிசல் சோதனை.
6. மறைக்க வேண்டியதை மறைத்தல், லேசான மறு பிளாஸ்டிங், அன்றே பிரைமர்.
7. மேல்பூச்சு, அதன் ஒட்டும் தன்மைச் சோதனை.
8. மடிப்புகளுக்குள் மெழுகு, போல்ட்டு இறுக்கம், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கம்.

எட்டு வேலையில் கலர் ஏழாவதாகத்தான் வருகிறது என்பதைக் கவனிக்கலாம்.

செய்ய வேண்டியது என்ன?

ஒன்று, வண்டிக்காரர்கள் பூச்சுக்கு முன் எடுத்த படங்களையும் விரிசல் சோதனை முடிவையும் பில்லோடு சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். நாளை வண்டியை விற்றாலும் அதுதான் நம்பிக்கைப் பத்திரம். இரண்டு, பட்டறைகள் பூச்சுக்கு முன் ஒரு தடவை வாடிக்கையாளரை அழைத்து வெற்று இரும்பைக் காட்டும் வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். பெரிய ஆலைகளுக்குப் பாகம் அனுப்பும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் கையெழுத்துப் போடும் அதே கைகள், தனி ஆள் கொண்டுவரும் சேசிஸுக்கு மட்டும் ஏன் போடக்கூடாது? மூன்று, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஒரு பழைய சேசிஸைக் கொடுத்து, அளந்து, சோதித்து, பிரித்து, சேர்க்கச் சொல்ல வேண்டும். புது வண்டி செய்வது எந்திர மனிதன் கைக்குப் போய்க்கொண்டிருக்கும் காலத்தில், பழையதைப் படித்துப் பார்த்துச் சரிசெய்யும் அறிவு மனிதன் கையில்தான் இருக்கும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்றார்கள் பெரியவர்கள். சித்திரக்காரர்கள் ஒரகடத்தில் நிறையவே இருக்கிறார்கள். வண்டிக்காரர்கள் அவர்களிடம் முதலில் சுவரைப் பார்க்கச் சொல்லட்டும். பிறகு கறுப்போ, சிவப்போ, எதை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்!